பதினெட்டு வீட்டுச் சீம்பால்

துளசிராம் அண்ணன் இறந்துவிட்டார். சிம்மக்கல்லில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்தவர். நேற்றுக் காலை ஒரு நண்பரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்தேன்... மாலை போட்ட போட்டோ, கீழே எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று.

என் ஃப்ரெண்ட் லிஸ்டில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. மாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும். சௌராஷ்டிரக் குடும்பம். சொந்தக்காரர்கள் எல்லாம் தறி, ஜவுளி என்று இருக்க, இவர் மட்டும் தவிட்டு மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

தொண்ணூறுகளின் கடைசி. அப்பா தவறிய பிறகு சமயநல்லூரில் நானும் அம்மாவும் ஒரே ஒரு ஜெர்சி மாட்டை வைத்துத்தான் பிழைத்தோம். வாராவாரம் டவுன் பஸ்ஸில் போய் தீவனம் வாங்கி வருவது என் வேலை.

கேட்டதை எடுத்துக் கொடுக்கிற ஆள் இல்லை அவர். "எத்தன லிட்டர் கறக்குது? எத்தன மாசச் சென?" என்று விசாரித்துவிட்டுத்தான் கலக்கவே ஆரம்பிப்பார். உடைத்த மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு, உப்பு, தாது உப்பு... எல்லாவற்றையும் தரையில் கொட்டி, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தன் கையாலேயே கலப்பார். கடை ஆட்களைத் தொட விடமாட்டார்.

"வைக்கோல் வயித்த நெரப்பும் தம்பி, அம்புட்டுத்தான். தெம்புக்குச் சோளம், பாலுக்குப் புண்ணாக்கு, எலும்புக்குத் தாது உப்பு. தண்ணிய மட்டும் கொறச்சிராதீங்க." ஒவ்வொரு வாரமும் இதே டயலாக். சில நாள் எனக்கு எரிச்சலாக வரும்.

புண்ணாக்கில் ஒரு துண்டை வாயில் போட்டு மென்று பார்ப்பார். காறல் அடித்தால் முழு மூட்டையையும் ஓரங்கட்டிவிடுவார்.

எங்கள் மாடு கன்று போட்டது. கிடேரிக் கன்று. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் தெருவில் யார் வீட்டு மாடு கன்று போட்டாலும் சீம்பால் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனால் வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்கள். அம்மா கன்றுக்குக் கொஞ்சம் விட்டுவிட்டு, மடியில் சொட்டு இல்லாமல் கறந்தாள். பதினெட்டு வீடு. தூக்குவாளியோடு படியேறி இறங்கியது நான்தான்.

மிச்சத்தைக் கருப்பட்டி போட்டுக் கிண்டி நாங்களும் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் மாடு படுத்தது. எழவில்லை. கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டது. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. மாட்டு டாக்டர் வேறு ஊருக்குப் போயிருந்தார்... அவருக்குத் தகவல் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு மாமாதான் முதலில் சொன்னார். "பூஞ்ச புடிச்ச புண்ணாக்கப் போட்டுக் கலந்துருப்பான் மாப்ள."

எனக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் காலையில் மிச்சமிருந்த தீவனச் சாக்கைத் தூக்கிக்கொண்டு சிம்மக்கல் போனேன். கடை வாசலில் கொட்டினேன். "மாட்டக் கொன்னுட்டியேய்யா!" என்று கத்தினேன். என்னைவிட இருபது வயது மூத்தவரை. வாய்க்கு வந்ததை எல்லாம் பேசினேன்.

அவர் குனிந்து ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். வாயில் போட்டு மென்றார். "நல்லாத்தான தம்பி இருக்கு..." என்றார். அவருக்கே சந்தேகம் வந்துவிட்ட குரல். தீவனம் வாங்க நின்றிருந்த இரண்டு பேர் வாங்காமலே போனார்கள்.

மூன்று வாரம் கழித்து கன்றுக்குப் பூச்சி மருந்து கொடுக்க டாக்டர் வந்தார். நான் தீவனக் கதையைச் சொன்னேன். அவர் அம்மா பக்கம் திரும்பி, "கன்னு போட்டன்னைக்கு எம்புட்டும்மா கறந்தீங்க?" என்று கேட்டார்.

"பதினெட்டு வீட்டுக்குக் குடுத்தேன் சார்." அம்மா பெருமையாகத்தான் சொன்னாள்.

"அன்னைக்கே ஒட்டக் கறக்கக் கூடாதும்மா. ஒடம்புல இருக்க சுண்ணாம்புச் சத்து பூராம் பாலோட போயிரும், மாடு விழுந்துரும். நான் இருந்து ஒரு கால்சியம் பாட்டில் ஏத்தியிருந்தா எந்திரிச்சிருக்கும். தீவனத்துல ஒரு கொறையும் இல்ல."

அவர் போனதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெளிய சொல்லிறாதடா... தெருவே சாப்ட்ருக்கு."

சொல்லவில்லை. அந்தக் கடைப் பக்கமும் போகவில்லை. போக வெட்கமாக இருந்தது.

சில வருஷம் கழித்து மேலூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். நான் தலையைத் திருப்பிக்கொள்வதற்குள் அவரே வந்துவிட்டார். "தம்பி, அந்தக் கன்னு பொழச்சுச்சா?"

"பொழச்சுருச்சுண்ணே. இப்ப அதுவே ரெண்டு கன்னு போட்டுருச்சு."

"சந்தோசம் தம்பி, சந்தோசம்." என் தோளைத் தட்டினார்.

அப்போது சொல்லியிருக்கலாம். பஸ் வர இருபது நிமிஷம் ஆனது. இருபது நிமிஷமும் மழை இல்லை, தண்ணி இல்லை என்று எதையோ பேசிக்கொண்டிருந்தேன். கோழை.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். மகன் வாசலில் நின்றிருந்தார். என்னை அவருக்குத் தெரியாது. "அப்பாகிட்ட கலப்புத் தீவனம் வாங்குவேன்" என்றேன்.

"அப்ப ரொம்ப முந்தி வந்துருப்பீங்கண்ணே. யாரோ ஒருத்தர் மாடு செத்துப்போச்சுன்னு அப்பா கலக்குறதையே விட்டுட்டாரு. அப்பறம் எல்லாம் தனித்தனியாத்தான் வித்தாரு. இப்ப ஆஸ்பத்திரில நெனவு வந்து வந்து போகயிலகூட, எந்த மூட்டன்னு தெரியலயே, எந்த மூட்டன்னு தெரியலயேன்னு அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு..."

மாலையைப் போட்டேன். கும்பிட்டேன். அந்த மகனிடமும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. இனி யாருக்காக மறைக்க?

அண்ணே... எந்த மூட்டையிலயும் ஒண்ணும் இல்லண்ணே.

போயிட்டு வாங்க.