கல்வட்டத்தில் இறங்கிய கண்டக்டர்

புத்தூருக்கும் சத்தியவேட்டுக்கும் இடையே ஓடிய தனியார் பஸ்ஸில் கன்னையா கண்டக்டராக இருந்தார். நாகலாபுரம் தாண்டியதும் மலையடிவாரத்தில் ஒரு வெற்று மேடு வரும். பெரிய பாறைகள் அங்கே வட்டம் வட்டமாகக் கிடக்கும். பாண்டவர் வீடு என்பார்கள் ஊரில்; பழங்காலப் புதைமேடு என்பாரும் உண்டு. பனி இறங்கிய காலைகளில், யாரோ சுற்றி உட்கார்ந்து மெல்லப் பேசிக்கொண்டிருப்பதுபோல் தோன்றும். டிக்கெட் கிழிக்கும் கை அப்படியே நின்றுவிடும். பஸ் நிற்காமல் போய்விடும்.

லீவு கிடைத்தால் அங்கே போய் மண்ணில் கிடக்கும் பானைச் சில்லுகளைப் பொறுக்கி வருவார்.

"எலும்பு கிலும்பு மட்டும் வூட்டுக்குள்ள எடுத்துகினு வராதய்யா" என்பாள் மனைவி அம்சவேணி. அதற்குமேல் தடுக்கமாட்டாள்.

அவர் வேலையை விட்ட சமயம், மாநில எல்லை மாற்றத்தில் சத்தியவேடு ஆந்திராவுக்குப் போவது முடிவாகியிருந்தது. டீக்கடையெல்லாம் அதே பேச்சு. அப்போதுதான் தொல்லியல்காரர்கள் வந்து மேட்டில் கூடாரம் போட்டார்கள். கன்னையா தன் சில்லு மூட்டையைச் சுமந்துபோய் அதிகாரி வெங்கடராகவன் முன்னால் அவிழ்த்தார். திருப்பதிக்காரர், கன்னையாவுக்கு மகன் வயது.

அதிகாரி சில்லுகளை நிதானமாகத் தரம் பிரித்தார். "இது கூரை ஓடு. இது நம்ம தாத்தா காலத்துப் பானை. இதுவும் அப்படித்தான்." கடைசியில் இரண்டு துண்டுகள் மிஞ்சின, உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. "இது ரெண்டும் ரொம்பப் பழசு. பெரியவர் வருத்தப்படக் கூடாது."

கன்னையாவுக்குக் காது சுட்டது. ஒதுக்கிய குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது.

"எது பழசுன்னு கத்துக் குடுங்க சார். நான் கூடை தூக்கறேன்."

அப்படித்தான் சேர்ந்தார். முழங்கால் வலித்தது. குழிக்குள் இறங்கினால் வலி மறந்தது. மண் நிறம் மாறுகிற இடத்தில் கையை மெதுவாக்கப் பழகினார். காற்று, தூரத்து மணியோசை எல்லாம் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் கேட்டன. ஊர் மாநிலம் மாறிய வாரத்தில், அவருடைய தூரிகைக்கு அடியில் ஒரு முதுமக்கள் தாழியின் விளிம்பு தெரிந்தது. உள்ளே கொஞ்சம் எலும்பு, துருவேறிய அரிவாள், ஒரு சின்னக் கிண்ணம்.

சேதி கேட்டு அம்சவேணி வந்தாள். எலும்பைக் கண்டு அவள் முகம் சுளிக்கவில்லை. கிண்ணத்தருகே குந்தினாள்.

"இதுல கூழு குடிச்சிருப்பாங்களா சாமி?"

"தெரியலம்மா" என்றார் வெங்கடராகவன். "இருக்கலாம்."

"கை புடிக்கிற எடம் தேஞ்சிருக்குது பாரு" என்று கணவனிடம் சொன்னாள்.

மறுவருடம் தொல்லியல்காரர்கள் சித்தூருக்கு மேற்கே ஒரு குன்றடியில் தோண்டினார்கள். கன்னையா படுக்கையைச் சுருட்டினார். வாசலில் அம்சவேணி தன் துணிமூட்டையோடு நின்றிருந்தாள்.

"நீ எங்க?"

"நானும் பாக்கணும்" என்றாள்.

இருவரும் பஸ் ஏறினார்கள்.