நாலரை மணி நேரம்

அந்தத் தபால் நிலையத்தில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் அக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருடமாகத் தபால் கொடுக்கும் சுற்று, அதாவது பீட், ஒன்றேதான். பதினாலு தெரு, எழுநூறு வீடு, போதாக்குறைக்கு மாடிப்படிகள். ஆறரை மணி நேர வேலையை நாலரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, மற்றவர்கள் பாதி வழியில் இருக்கும்போதே காலிப் பையோடு திரும்பிவிடுவாள். கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லையென்று சொல்வதற்கில்லை. "இப்பதான் வரீங்களாக்கும்?" என்று அவள் வாயால் கேட்டுக் கடுப்பாகாத தபால்காரர் அங்கே கிடையாது.

அதுவே வினையாக வந்து சேர்ந்தது. நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த நேரம். பதினொரு பீட்டை ஒன்பதாக்க வேண்டும் என்று நிர்வாகம் ஒற்றைக்காலில் நின்றது. கடைசியாகச் சேர்ந்த இருவருக்கு வேலை போகும். அதில் ஒருவர் அவளுடைய தங்கை வீட்டுக்காரர். நடையோ ஆமை நடை. அவருக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் தங்கைக்குக் கைக்குழந்தை இருந்தது.

யாருக்கும் பயப்படாமல் பேசுவாள் என்று சங்கச் செயலாளர் அவளையும் பேச்சுவார்த்தைக்குக் கூட்டிப் போயிருந்தார். மூன்றாம் நாள் மேலாளர் ஒரு பதிவேட்டை விரித்து வைத்தார். எல்லாம் அவள் கைப்பட எழுதிய நேரம்.

"உங்க பக்கத்துல இருக்கிற அம்மாவே நாலரை மணி நேரத்துல முடிக்கிறாங்க. மத்தவங்களுக்கு மட்டும் எதுக்கு ஆறரை?"

செயலாளர் அவள் பக்கம் சாய்ந்தார். தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல்லிவிடும்படி அவள் காதில் கிசுகிசுத்தார். அவள் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறையில் எட்டு ஆண்கள். கட்டிய கணவனிடம்கூடச் சொல்லாத விஷயம்.

"எழுதினது சரிதான் சார். காலைல எழுந்ததுலேர்ந்து நான் தண்ணி குடிக்கிறதில்ல. குடிச்சா ஒதுங்க இடம் கிடையாது. அடக்கிட்டு எவ்வளவு நேரம் நடக்க முடியுமோ, அதுதான் அந்த நாலரை. இதனால ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில படுத்திருக்கேன். லீவு லெட்டர்ல காய்ச்சல்னு எழுதினேன்."

மேலாளர் பதிவேட்டை மூடினார். அன்றைய பேச்சுவார்த்தை அதோடு முடிந்தது. வெளியே வந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை நாள் எதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டோம் என்று நினைத்தபோது அழுகையும் வந்தது.

ஒரு வாரம் இழுபறிக்குப் பிறகு ஒப்பந்தம் கையெழுத்தானது. பதினொரு பீட்டும் தப்பின. ஒவ்வொரு பீட்டிலும் கழிப்பறை உள்ள இரண்டு இடங்களை நிர்வாகமே பேசி ஏற்பாடு செய்யும். அதற்கான நேரம் வேலை நேரத்திலேயே சேரும்.

முதல் நாள் அவள் தண்ணீர் குடித்து, வழியில் உட்கார்ந்து, நிதானமாக நடந்தாள். கடைசித் தெருவுக்குப் போனபோது வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் தாமதம். நாலைந்து வீட்டு வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள்.

இருபத்திரண்டு வருடத்தில் அந்தத் தெருவில் யாரும் அவளை அப்படிக் கேட்டதே இல்லை. நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கடிதங்களைக் கொடுத்தாள்.