சேர்ந்துவிட்ட சீட்டு

இன்று வந்த கல்யாணப் பத்திரிகையின் சந்தன வாசனை, இப்போது மனைகளாகிவிட்ட திருப்போரூர் டியூஷன் கொட்டகைக்கு என்னை இழுத்துப்போனது. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கம் இங்கிலீஷ் சொற்களை எழுதி ரம்மி போல ஆடுவோம். வாக்கியம் சேர்த்தவர் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி படிக்க வேண்டும். ஒருமுறையும் ஜெயிக்காத எனக்கு, ஐந்தாவது படிக்கும்போது ஒருநாள் வாக்கியம் சேர்ந்துவிட்டது. தகரக் கூரை வெயிலில் படபடக்க, என் உள்ளங்கை வியர்த்துச் சீட்டின் ஓரம் ஊறியது.

"இன்னாடா, சீட்ட அடகாத்துகினு கீற? சீக்கிரம் போடு!" என்றாள் எனக்கு அடுத்து ஆட வேண்டிய சலீமா.

எழுந்து நிற்கப் பயந்து, சேர்ந்ததிலிருந்தே ஒன்றை உருவிப் போட்டேன். அவள் காத்திருந்த சீட்டு அதுதான். துள்ளி எழுந்து கணீரென்று படித்தாள். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது நான்தான்.