தெற்கு வரப்பில் எட்டு சென்ட்

ஆறு ஆண்டுகளாக நானும் என் பெரியப்பா மகனும் பேசிக்கொள்வதில்லை. எங்கள் இரண்டு வயல்களுக்கும் நடுவில் ஒரே வரப்பு. அண்ணன் அதை வெட்டி என் நிலத்துக்குள் வருகிறார் என்பது என் புகார். இதை டீக்கடையில் கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். அவர் மகள் கல்யாணத்துக்குக்கூட மனைவியை மட்டும் அனுப்பிவிட்டு, முழங்கால் வலி என்று வீட்டில் உட்கார்ந்திருந்தேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை.

இந்தச் சம்பாவில் இலைச்சுருட்டுப் புழு விழுந்தது. இலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளிருந்தே பச்சையைச் சுரண்டித் தின்னும், பயிர் வெளுத்துப்போகும். மருந்தடிக்க ஆள் கிடைக்கவில்லை. பேராவூரணிப் பக்கத்திலிருந்து டிரோன் ஓட்டும் ஒரு பெண்மணியை வரவழைத்தேன்.

“எத்தனை ஏக்கர்ங்க?”

“பட்டாவுல ரெண்டு ஏக்கர். தெக்குப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமா போயிட்டிருக்கு” என்றேன், தெற்கு வரப்பில் நின்று வேடிக்கை பார்த்த அண்ணன் காதில் விழும்படி. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அந்த அம்மா கையில் ரிமோட்டுடன் நான்கு வரப்பையும் சுற்றி நடந்து, மூலைக்கு மூலை குறித்துக்கொண்டு வந்தார். திரையைப் பார்த்தார்.

“எதுவும் போகலைங்க. எட்டு சென்ட் கூடத்தான் இருக்கு.”

“மிஷின் தப்பா காட்டுது. என் நெலம் ரெண்டு ஏக்கர்தான். அதுக்கு மட்டும் அடிங்க.”

“சரிங்க. எந்தப் பக்கம் குறைக்கட்டும்?”

கிழக்கே தார்ச்சாலை. மேற்கே வாய்க்கால். வடக்கே பள்ளிக்கூடச் சுவர். மூன்றும் என் அப்பா காலத்திலிருந்து நகர்ந்ததில்லை. நான் யோசித்து முடிப்பதற்குள் என் கை தெற்கே நீண்டுவிட்டது.

டிரோன் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வேலையை முடித்தது. அவ்வளவு நேரம் எனக்கு யோசிக்கப் போதுமானதாக இருந்தது. நடவுக்கு முன் வரப்போரத்தைப் புல்லும் மண்ணுமாகச் செதுக்குவதை அண்டை வெட்டுவது என்போம். என் பக்கத்தை நான்தான் வெட்டுவேன். ஆள் விட்டால் சுத்தமாக இருக்காது. இருபது ஆண்டுகளாகச் சுத்தமாகவே வெட்டியிருக்கிறேன். வரப்பு இளைத்து இடிந்துவிடக் கூடாதென்று அண்ணன் தன் பக்கம் சேறு வைத்து அணைப்பார். நான் வெட்ட, அவர் அணைக்க, வரப்பு அவர் பக்கமாக நடந்துபோயிருக்கிறது.

ஒரு வாரத்தில் வயல் பச்சை கட்டியது. தெற்கு ஓரத்தில் மட்டும், மருந்து படாத எட்டு சென்ட், கிழக்கு மேற்காக வெள்ளை வேட்டியைக் காயப்போட்டதுபோல் நீளமாக வெளுத்துக் கிடந்தது. கும்பகோணம் பஸ்ஸில் போகிறவர்கள்கூடப் பார்க்கலாம். சர்வேயர் வந்து கல் நட்டிருந்தால்கூட இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது.

“தெக்கால என்ன வேற ரகமா?” என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

நானே போய் மருந்தடித்திருக்கலாம். அடித்தால் அது என் இடம் என்று மறுபடியும் சொன்னதாகும். அடிக்காவிட்டால் புழு வரப்பைத் தாண்டி அண்ணன் பயிருக்குப் போகும். இப்படி யோசித்தே நாலு நாளை ஓட்டினேன். வெட்கம் கெட்டவனுக்கு யோசனை அதிகம்.

ஐந்தாம் நாள் காலையில் மருந்தைக் கலந்துகொண்டு போனேன். அண்ணன் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு, அந்த வெள்ளைப் பயிருக்குள் இறங்கி, ஓரம் ஓரமாக அடித்துக்கொண்டிருந்தார். அறுபத்திரண்டு வயது.

“எதுத்தாப்புல நிக்காத. காத்து ஒன் பக்கம் அடிக்கிது” என்றார். ஆறு ஆண்டுகளில் என்னிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை.

நான் நகரவில்லை. “குடுங்கண்ணே, நான் அடிச்சுக்கறேன்.”

அவர் நிமிரவில்லை. பம்பை நாலு தடவை அழுத்தினார்.

“எடம் என்னுது, நான் அடிக்கறேன். நெல்லு ஒன்னுது. அறுத்துக்க.”