நீராவி விட்டுப்போன இடம்

பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீராவி என்றுதான் சொல்வோம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கதவைத் திறந்தால் குபீரென்று ஆவி கிளம்பும். அதற்குள் ஆள் இருப்பதே தெரியாது. பதினாறு வருடம் அங்கேதான் நின்றாள். அடுத்த பக்கம் பரிமாறும் மேடையில் கரண்டி பிடிப்பது என் வேலை. எனக்கு வாய் நீளம். அவள் தன் கஷ்டத்தைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். அதனால்தானோ என்னவோ, ஒத்துப்போனோம்.

புருஷன் போன பிறகு ஒரே மகனை ஒற்றை ஆளாக வளர்த்தவள். அவனுக்கு எங்கள் பல்கலைக்கழகத்திலேயே இடம் கிடைத்தது, உதவித்தொகையோடு. அதுவரை ஒரு தட்டைக்கூட உடைக்காதவள் அன்று மட்டும் மூன்றை உடைத்தாள். மேற்பார்வையாளர் கத்து கத்தென்று கத்தினார். அவள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே பெருக்கினாள்.

உதவித்தொகைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. வாங்குகிற மாணவன் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வளாகத்துக்குள் ஏதாவது வேலை பார்க்க வேண்டும். முதல் பருவம் முடிவதற்குள் வேலை தேடிக்கொள்ளாவிட்டால் உதவி நின்றுவிடும். படிப்பும் அதோடு சரி. பையன் நாயாய் அலைந்தான். நூலகத்தில் கேட்டான். ஆய்வகத்தில் குடுவை கழுவுகிறேன் என்றான், விளையாட்டுத் திடலில் வலை கட்டுகிறேன் என்றான். எல்லோரும் முதலில் சரி என்பார்கள். விண்ணப்பம் மாணவர் நல அலுவலகத்துக்குப் போய்வந்ததும் கையை விரிப்பார்கள். இரண்டு மாதம் கழித்து அங்கிருந்த எழுத்தர்தான் உண்மையைச் சொன்னார்.

"உங்க வீட்ல ஒருத்தர் ஏற்கெனவே இங்க வேலை பாக்குறாங்களே தம்பி. ஒரு குடும்பத்துக்கு ஒரு வேலைதான்."

இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருந்தால் அந்த மனிதருக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

அன்று சாயங்காலம் எங்கள் பின்வாசலுக்கு வந்தான். நல்ல பையன்தான், பசியும் அவமானமும் சேர்ந்துவிட்டது. "எல்லாம் உன்னாலதாம்மா. நீ இங்க இல்லன்னா எனக்கு எப்பவோ வேலை கிடைச்சிருக்கும்" என்று கத்திவிட்டான். அவனை நாலு வார்த்தை கேட்கலாம் என்று நான் கிளம்பினேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவனிடம், "போய்ச் சாப்பிடு கண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

மறுவாரம் வேலையை விட்டுவிட்டாள்.

"பைத்தியமாடி உனக்கு? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா நீங்க விடமாட்டீங்கக்கா."

துணிக்கடையில் உட்கார்ந்து பில் போடுகிற வேலை கிடைத்துவிட்டது, இனி கால் வலி இல்லை என்று மகனிடம் சொன்னாள். கடையும் இல்லை, பில்லும் இல்லை. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். அவனிடம் மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்தச் சத்தியத்தைச் செய்துகொடுத்ததற்கு என்னை நானே இன்றுவரை திட்டிக்கொள்கிறேன்.

அதோடு விட்டதா? அவள் இடத்துக்கு இனி நிரந்தர ஆள் வேண்டாம், மாணவர்களையே வைத்துக்கொள்ளலாம் என்று மேலிடம் முடிவு செய்தது. நூலகத்திலும் ஆய்வகத்திலும் அதற்குள் ஆள் எடுத்து முடித்திருந்தார்கள். வளாகத்தில் அப்போது காலியாக இருந்தது அது ஒன்றுதான். பையன் கையில் அந்த வேலைக்கான உத்தரவோடு வந்து நின்றான்.

"பெரியம்மா, அம்மாவுக்கு உக்காந்து பாக்குற வேலை, எனக்கு இது. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல நல்லது நடந்திருக்கு பாத்தீங்களா?"

"ஆமாண்டா" என்றேன். வேறு என்ன சொல்ல?

இரண்டு வாரம் ஓடியது. ஒருநாள் மதியம் அவள் பின்வாசலில் வந்து நின்றாள். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் உள்ளே வரமுடியாது. "கையுறை போடுறானாக்கா? அவசரத்துல கொதிக்கிற தண்ணியில வெறுங்கைய விட்டுடுவான்" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவனே குப்பைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

"அம்மா! கடைக்குப் போகலையா?"

"சாப்பாட்டு நேரம்டா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நெற்றியில் ஒட்டியிருந்த அவன் முடியை ஒதுக்கிவிட்டாள். அவன் அந்தக் கையைப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை. தன் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். இரண்டிலும் விரல் நுனி வெளுத்து, சுருங்கி, நக ஓரம் வெடித்திருந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்த்த கைதான். ஆனால் அது எதனால் அப்படி ஆகும் என்பது இந்த இரண்டு வாரத்தில்தான் அவனுக்குத் தெரிந்திருந்தது.

"எந்தத் துணிக்கடையிலம்மா கை இப்படி ஊறும்?"

அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவனுக்கு அதுவே போதும். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் சொன்னதுக்காகவா? அது கோவத்துல சொன்னதும்மா. எனக்கு இந்த வேலை வேண்டாம். இப்பவே போய் எழுதிக் குடுத்துடறேன். நீ திரும்பி வந்துடு."

"எங்கடா வர்றது? என் வேலையைத்தான் எடுத்துட்டாங்களே." அவள் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான். "நீயும் விட்டுட்டா, அப்புறம் நான் விட்டது எதுக்கு?"

அவன் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். பிறகு எழுந்து, தொட்டியைக் கொட்டிவிட்டு உள்ளே போனான். படிப்பு முடிய இன்னும் மூன்றரை வருடம் இருக்கிறது. அத்தனை நாளும் அவன் அந்த இடத்தில்தான் நிற்க வேண்டும்.