சங்கைத் திருப்பிப் போட்டவன்

ஒரே சொடுக்கில் சாதாரணச் சங்கை வலம்புரியாக்கிய மேதை நான். ஆயுள் முழுக்க முங்கினாலும் சங்குகுளிப்பவர்களுக்குக் கிடைக்காதது எனக்குக் கம்ப்யூட்டரில் கிடைத்தது. புத்தகப் பக்கத்தில் சங்கின் படம் வெளியே பார்த்தபடி நின்றது. உள்ளே பார்த்தால் அழகாயிருக்குமே என்று இடவலமாகத் திருப்பிவிட்டேன். தூத்துக்குடியிலேயே பிறந்து வளர்ந்தவன் செய்த வேலை இது.

கடல் ஆய்வு அலுவலகம் ஒன்றில் நான் புத்தகப் பக்கங்களை அமைப்பவன். படம் வரைபவர் மணப்பாட்டுக்காரர், ஆர்ட்டிஸ்ட் அண்ணாச்சி. ஆண்டுக்காண்டு நீட்டிக்கப்படும் தற்காலிக வேலை அவருக்கு. கவராயத்தால் சங்கை அளந்து, கோடே இழுக்காமல், புள்ளிகளாலேயே அதன் வளைவை எழுப்புவார். புள்ளி நெருங்கினால் நிழல், விலகினால் வெளிச்சம். அந்த ஒரு படத்துக்கு மூன்று வாரம். கேமராதான் இருக்கிறதே என்றேன். "கேமரா இந்த ஒரு சங்கைத்தாம்லே காட்டும். நான் வரையுதது இந்த இனம் பூராத்தையும்" என்றார். பழைய வெளிநாட்டு நூல்கள் சிலவற்றில் சங்குகள் திரும்பிக் கிடக்கும். செப்புத் தகட்டில் நேராகச் செதுக்கியது அச்சில் மாறிப்போன கதையைச் சொல்லிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்தவன்தான்.

புத்தகம் வந்ததும் இயக்குநர் எல்லோர் முன்பும் அண்ணாச்சியிடம் கத்தினார்: "சங்குல இடது வலது தெரியாதவருக்கு இங்க என்ன வேலை?" அண்ணாச்சி பக்கத்தைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "சார், என் படத்துல வெளிச்சம் எப்பவும் இடப்பக்கம் மேலருந்துதான் விழும். இதுல மட்டும் வலப்பக்கமிருந்து விழுது, பாருங்க. யாரோ திருப்பியிருக்காவ."

இயக்குநர் பார்க்கவில்லை. கண்ணைத் தாழ்த்தினால் போதும், சாட்சி அந்தத் தாளிலேயே இருந்தது. பத்தடி தள்ளி, மூல ஓவியத்தை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, நான் பிரிண்டருக்குத் தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன். 'ஓவியரின் பிழை' என்ற துண்டுச்சீட்டை எல்லாப் பிரதிகளிலும் ஒட்டியதும் நானே. பசைகூட நான்தான் வாங்கி வந்தேன். அந்த ஆண்டு அவருக்கு நீட்டிப்பு வரவில்லை.

இன்று அதே ஓவியம், அவர் வரைந்தபடியே திருப்பாமல், அலுவலக வாசலில் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது. அடியில் அவர் பெயர் இல்லை. அதைக் கடக்கும்போதெல்லாம் இயக்குநரை வாய்க்குள் திட்டுகிறேன். அவருக்கென்று தொடங்குகிற வசவு பாதியிலேயே எனக்கானதாகிவிடுகிறது.

போன மாதம் மணப்பாட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இறுக்கத்தைக் குறைக்க நடுவில் ஒரு ஜோக்கும் அடித்தேன். அண்ணாச்சி எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் மனைவி காப்பியைக் கொண்டுவந்து வைத்தார்.

"அன்னைக்கு அங்கன சொல்ல வேண்டியத இன்னைக்கு இங்கன வந்து சொல்லுதிய. காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."