வலப்பக்க ஜன்னல்

குடும்ப நீதிமன்றத்தில் எனக்கு விவாகரத்து ஆன மறுநாள் பறக்க வேண்டியிருந்தது. சின்ன விமானத்தில் கடலுக்கு மேலே போய்த் திமிங்கலங்களை எண்ணுகிற வேலை. லீவு கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. கிழக்கேகோட்டையில் அண்ணா வீட்டிலிருந்து கிளம்பி, வாந்தி வராமலிருக்க மாத்திரை போட்டுக்கொண்டு, வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

எனக்குப் பின்னால், அதே பக்கம், கூட வேலை செய்பவள். போனக்காடு தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்துப் பெண். இருவரும் ஒரே கடலைத்தான் பார்ப்போம். ஆனால் ஒருவர் கண்டது மற்றவருக்குத் தெரியக்கூடாது என்று நடுவில் திரை தொங்கும், மைக்கும் தனித்தனி. இருவரும் கண்டவை எத்தனை, ஒருவர் மட்டும் கண்டவை எத்தனை என்று பிறகு ஒப்பிட்டால், இருவருமே தவறவிட்டவை எவ்வளவு இருக்கும் என்று கணக்கிடலாம். நீருக்கடியில் இருப்பவற்றுக்கு வேறு கணக்கு.

விமானம் நேர்கோடாகப் போய், திரும்பி, அடுத்த கோட்டில் வந்தது. தண்ணீர். ஒரு மீன்பிடிப் படகு. மறுபடியும் தண்ணீர். முந்தின நாள் நீதிமன்ற வராந்தாவில் கணவராக இருந்தவர் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

மதியம் நெருங்கும்போது அது தெரிந்தது. நீளமான சாம்பல் முதுகு. மூச்சு வெள்ளையாக எழும்பிக் கலைந்தது. எத்தனை கோணம் கீழே தெரிகிறது என்று அளக்கும் சாய்வுமானியைக் கண்ணில் வைத்து, "திமிங்கலம், ஒன்று" என்று கோணத்தையும் சேர்த்து மைக்கில் சொன்னேன். பின்னால் இருப்பவளும் தானாகக் காண அவகாசம் விட்டு, பிறகு பைலட் வட்டமடித்தார். திரும்பி வந்தபோது வெறும் தண்ணீர்தான். நான் வானத்திலிருந்து கண்ட முதல் திமிங்கலம் அது. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

இறங்கியதும் அவள் தன் மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் கிட்டல்ல, கேட்டோ. வெயில் கண்ணுல அடிச்சுது. நீ சரிக்கும் பார்த்தல்லே?"

"பார்த்தேன்."

"பின்னே ஏன் முகம் இப்படி இருக்கு?"

"நேத்து விவாகரத்து முடிஞ்சுது."

அவள் என் பையையும் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு, "வா, சாயா குடிக்கலாம்" என்றாள். குடித்தோம். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

வீட்டில் மன்னி தட்டு வைத்தாள். "ஏதாவது கண்ணுல பட்டுதோ?"

"ஒண்ணு."

"அத்தனை தூரம் போயி ஒண்ணுதானா?"

"மீதியைக் கணக்குல கண்டுபிடிச்சுடுவா," என்றார் அண்ணா. நீதிமன்றத்துக்கு என்னோடு வந்தவர் அவர்தான். சாம்பார் நன்றாக இருக்கிறது என்றேன். ருசி தெரியாமலே சொன்னேன்.

பல மாதம் கழித்து, மொத்தம் எத்தனை திமிங்கலங்கள் என்ற மதிப்பீடு வந்தது. குறைந்தபட்ச எண்ணுக்கும் அதிகபட்ச எண்ணுக்கும் நடுவே பெரிய இடைவெளி. அதை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, அடுத்த பருவமும் பறக்க வேண்டும் என்று முடிவானது. வருகிறாயா என்று கேட்டார்கள். வருகிறேன் என்றேன்.

அன்று மாலை பழவங்காடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், இத்தனை மாதம் வராத அழுகை வந்தது. தேங்காய்க் கடை வாசலில் ஓரமாக நின்று அழுதேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மன்னி வாங்கி வரச்சொன்ன தயிரை வாங்கினேன்.